'ரோமானிய நகல்' என்றால் என்ன? தொலைந்துபோன கிரேக்கத் தேவியர் நம்மிடம் வந்து சேர்ந்த வழி

ஐரோப்பாவின் எந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனாலும், அல்லது அவற்றின் படங்களை இணையத்தில் பார்த்தாலும், பளிங்கில் நிற்கும் ஒரு தேவியின் காலடியில் இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: 'அஃப்ரோடைட்டி. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மூலத்தின் ரோமானிய நகல்.' முதல்முறை படிக்கிறவருக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். இவ்வளவு அழகான சிலை வெறும் நகலா? அப்படியென்றால் அசல் எங்கே? அசலைப் பார்க்காமலே இது அதன் நகல்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால் அந்தச் சிலைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிரேக்கர்களின் காதல் தேவியான அஃப்ரோடைட்டிதான் ரோமானியர்களின் வீனஸ். அதீனா அங்கே மினர்வா, ஆர்ட்டெமிஸ் டயானா, ஹீரா ஜூனோ. ஒரே சிலையை ஒரு புத்தகம் அஃப்ரோடைட்டி என்றும் இன்னொன்று வீனஸ் என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம்.

இனி ஒரு தேவியின் கதை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் பிராக்ஸிடெலீஸ் என்றொரு சிற்பி இருந்தார். அவர் அஃப்ரோடைட்டிக்கு இரண்டு சிலைகள் செய்து ஒரே நேரத்தில் விற்பனைக்கு வைத்தாராம். ஒன்று ஆடை அணிந்தது. இன்னொன்று, நீராடப் போகும் தேவி ஆடையைக் கழற்றிப் பக்கத்துச் சாடியின்மேல் போடும் கணம். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கோஸ் தீவுக்காரர்களுக்கு இருந்தது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அவர்கள் கண்ணியம் கருதி ஆடை அணிந்ததை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று விட்டதை க்னைடோஸ் என்ற ஊர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள். இன்றைய துருக்கியின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீளும் ஒரு முனையில் இருந்த ஊர் அது.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். அந்தச் சிலையைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் கப்பலேறி க்னைடோஸுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கும்படி திறந்த சன்னதியில் அதை வைத்தார்கள். நிகோமெடிஸ் என்ற அரசர், அந்த ஊரின் பெருங்கடன் முழுவதையும் தானே அடைத்துவிடுகிறேன், சிலையைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். ஊர் மறுத்துவிட்டது. கடனோடு இருந்தாலும் இருப்போம், தேவியைத் தர மாட்டோம் என்று நின்றார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான மூத்த பிளினி.

அந்தச் சிலை இன்று இல்லை. பிற்காலத்தில் கான்ஸ்டான்டினோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகப்பட்டு, லாசுஸ் என்ற அரண்மனை அதிகாரியின் சேகரிப்பில் இருந்து, கி.பி. 475 வாக்கில் நடந்த பெரும் தீயில் அழிந்தது என்பதுதான் பைசாந்திய எழுத்துகளிலிருந்து தெரியவருவது. ஆனால் அவள் எப்படி நின்றாள், தலையை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாள், எந்தக் கையில் ஆடையைப் பிடித்திருந்தாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிவதற்குக் காரணம் நகல்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஒன்று, ரோமின் அல்டெம்ப்ஸ் மாளிகையில் ஒன்று, பாரிஸின் லூவ்ரில் தலை மட்டும் ஒன்று என்று உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

அசல்கள் ஏன் இப்படித் தொலைந்தன? கிரேக்கத்தின் புகழ்பெற்ற சிலைகளில் பெரும்பாலானவை வெண்கலம். வெண்கலத்தை உருக்கினால் நாணயம் செய்யலாம், ஆயுதம் செய்யலாம், பாத்திரம் செய்யலாம். பழைய தெய்வங்களைக் கும்பிடுவது நின்றுபோன பிறகு, அவை உலோக விலைக்குத்தான் பார்க்கப்பட்டன. பளிங்குக்கு வேறு விதமான சாவு. பளிங்கைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். இடைக்காலம் முழுவதும் ரோமிலும் மற்ற ஊர்களிலும் சுண்ணாம்புக் காளவாய்களில் எத்தனையோ சிலைகள் எரிந்து, சுவருக்குப் பூச்சாகிப் போயின. நமக்குக் கிடைத்த பெரிய கிரேக்க வெண்கலங்களில் பலவும் கப்பலோடு கடலில் மூழ்கியதால் உருக்கும் உலையிலிருந்து தப்பியவை.

சரி, ரோமானியர்களுக்கு இந்தச் சிலைகள்மேல் அப்படி என்ன மோகம்? போர்தான் அதைத் தொடங்கி வைத்தது. கி.மு. 212இல் சிசிலியின் கிரேக்க நகரமான சைரக்யூஸைப் பிடித்த ரோமானியத் தளபதி மார்செல்லஸ், அங்கிருந்த கலைப்பொருள்களை வண்டி வண்டியாக ரோமுக்குக் கொண்டுவந்தார். கி.மு. 146இல் கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தை அழித்த தளபதி மும்மியஸும் அதையே செய்தார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பழைய மேதைகளின் படைப்புகளைக் கப்பலில் ஏற்றும்போது, 'இவற்றைத் தொலைத்தால் இதற்குப் பதில் புதிதாகச் செய்து தர வேண்டும்' என்று ஒப்பந்தக்காரர்களை எச்சரித்தாராம். கலையைப் பற்றி எதுவும் தெரியாதவர் என்று காட்டத்தான் ரோமானியர்களே இந்தக் கதையைச் சொன்னார்கள். ஆனால் அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள், புதிதாகச் செய்து தருவதே ஒரு பெரிய தொழிலாகிவிட்டது.

அசலைப் பறிகொடுத்தவர்களின் பக்கமும் தெரிய வேண்டும். சிசிலியில் செகெஸ்டா என்ற ஊரில் வெண்கலத்தால் ஆன ஓர் ஆர்ட்டெமிஸ் இருந்தாள். வலக்கையில் தீவட்டி, இடக்கையில் வில், தோளில் அம்பறாத்தூணி. ஒரு காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கார்த்தேஜ் வீழ்ந்தபோது ரோமானியத் தளபதி சிபியோ அவளைத் தேடியெடுத்து ஊருக்கே திருப்பிக் கொடுத்தார். கி.மு. 70களில் சிசிலியின் ஆளுநராக வந்த வெர்ரஸ் அவளைத் தனக்கு வேண்டும் என்றார். மிரட்டல் தாங்காமல் ஊர் பணிந்தது. ஆனால் பீடத்திலிருந்து சிலையை இறக்க உள்ளூரில் ஒருவரும் கை வைக்கத் துணியவில்லை. சுதந்திரமானவர்களும் வரவில்லை, அடிமைகளும் வரவில்லை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்துதான் இறக்கினார்கள். அவள் ஊரைவிட்டுப் போனபோது செகெஸ்டாவின் பெண்கள் எல்லோரும் கூடி, வாசனைத் தைலம் பூசி, மாலையும் பூவும் சாத்தி, தூபம் போட்டு, ஊர் எல்லைவரை கூடவே நடந்தார்கள். வெர்ரஸ்மேல் வழக்குத் தொடுத்த சிசரோ இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

வெர்ரஸைப் போல அசலைப் பிடுங்க எல்லோராலும் முடியாது. எல்லோரும் அப்படிச் செய்யவும் விரும்பவில்லை. ஆனால் ஆசை எல்லோருக்கும் இருந்தது. கடற்கரை மாளிகை, தோட்டம், குளியல்மண்டபம், நூலகம் என்று பணக்கார ரோமானியர்கள் கட்டிய இடங்களுக்கெல்லாம் சிலை வேண்டும். சிசரோவே ஏதென்ஸில் இருந்த தன் நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் எழுதி, தன் டஸ்குலம் மாளிகைக்குப் பொருத்தமான சிலைகளை வாங்கி அனுப்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அசல்கள் எண்ணிக்கையில் குறைவு, கேட்கிறவர்கள் ஏராளம். அந்த இடைவெளியில் முளைத்ததுதான் நகல் தொழில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ரோமானிய நகல்' என்ற பெயரே பாதி தவறான எண்ணத்தைத் தருகிறது. அந்த நகல்களைச் செய்தவர்களில் நிறையப் பேர் கிரேக்கர்கள். ஏதென்ஸில் பட்டறை வைத்திருந்தவர்களும், ஆசியா மைனரின் அஃப்ரோடிசியாஸ் போன்ற பளிங்கு ஊர்களில் தொழில் கற்றவர்களும், இத்தாலிக்கே குடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. 'ரோமானிய' என்பது காலத்தையும் வாங்கியவரையும் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி.

இப்போது, நகல் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

முதல் வேலை, அசலிலிருந்து அச்சு எடுப்பது. ஏதென்ஸின் சந்தைத் திடலில் வெண்கல ஹெர்மிஸ் சிலை ஒன்று நின்றது. சிற்பிகள் தினமும் வந்து அதன் மார்பிலும் முதுகிலும் கீல் பூசி அச்சு எடுத்துப் போவதால் அதன் உடம்பெல்லாம் கரி அப்பியிருந்தது என்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய லூசியன் ஓரிடத்தில் சொல்கிறார். அந்த அச்சுக்குள் ஜிப்சம் சாந்தை, அதாவது நாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று சொல்கிற அதே வகைப் பொருளை ஊற்றினால் அசலின் அச்சு அசலான வெள்ளைப் பிரதி கிடைக்கும். கப்பலில் அனுப்ப வசதி, விலையும் குறைவு. பட்டறையில் இதுதான் மாதிரி.

இது வெறும் ஊகமாக இருந்துவிடாமல் 1954இல் ஒரு சான்று கிடைத்தது. நேப்பிள்ஸுக்கு அருகே பாயே என்ற இடத்தில், பழைய ரோமானியக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் நூற்றுக்கணக்கான சாந்துத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. முகத்தின் ஒரு பகுதி, விரல்கள், ஆடை மடிப்பு என்று எல்லாம் உடைந்த துண்டுகள். மெல்ல மெல்ல ஒப்பிட்டுப் பார்த்ததில், அவை புகழ்பெற்ற கிரேக்க வெண்கலங்களின்மேல் நேரடியாக எடுத்த அச்சுகளிலிருந்து வார்த்தவை என்று தெரிந்தது. ஒரு பட்டறை, தேய்ந்துபோன தன் மாதிரிகளைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. நமக்கு அது புதையல்.

அடுத்தது அளவெடுப்பு. சாந்து மாதிரியில் முகவாய், தோள், முழங்கால் போன்ற முக்கியமான இடங்களில் புள்ளி குறிப்பார்கள். கவராயமும் தூக்குக்குண்டும் வைத்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்று அளந்து, அந்த அளவைப் பளிங்குக் கட்டிக்கு மாற்றுவார்கள். அந்த ஆழம் வரை கல்லை எடுத்துவிட்டுப் புள்ளிகளுக்கு நடுவே கண்ணளவில் செதுக்குவார்கள். பாதியில் நின்றுபோன சில சிலைகளில், அளவுக்காக விட்டு வைத்த சிறு மொட்டுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. புள்ளி அதிகமாக இருந்தால் நகல் அசலை நெருங்கும். குறைவாக இருந்தால் சிற்பியின் கைவண்ணம் கூடும். ஒரே தேவியின் இரண்டு நகல்கள் அக்கா தங்கை போல இருந்தும் ஒன்றாக இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியில் பொருளின் குணம் வந்து நிற்கும். வெண்கலச் சிலை உள்ளே கூடானது, எடை குறைவு, வளைந்தாலும் முறியாது. தேவி இரண்டு மெல்லிய கணுக்கால்களில் நிற்கலாம், கையை நீட்டலாம். பளிங்கில் அதையே செய்தால் கணுக்காலில் முறியும். அதனால் காலை ஒட்டி ஒரு மரத்துண்டு, தூண், சாடி, இல்லையென்றால் டால்ஃபின் என்று எதையாவது முட்டுக் கொடுப்பார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே சின்னப் பாலம் போல ஒரு கல்துண்டு விடுவார்கள். அடுத்த முறை பளிங்குச் சிலையைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டு முதலில் காலருகே பாருங்கள். காரணமே இல்லாமல் ஒரு மரத்துண்டு நின்றால், அசல் வெண்கலமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. க்னைடோஸ் அஃப்ரோடைட்டி முதலிலேயே பளிங்குதான். அந்தச் சாடியும் அதன்மேல் விழும் துணியும் பிராக்ஸிடெலீஸே செய்த முட்டு. கதையையும் எடையையும் ஒரே இடத்தில் தாங்க வைத்தார் அவர். ஃபிளாரன்ஸின் உஃபிசி காட்சியகத்தில் இருக்கும் மெடிசி வீனஸின் காலடியில் ஒரு டால்ஃபின் உண்டு. கடலில் பிறந்தவள் என்பதையும் சொல்லும், காலையும் தாங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தக் கேள்வி மிச்சமிருக்கிறது: அசலைப் பார்க்காமல் இது அதன் நகல் என்று எப்படி அடையாளம் காண்பது? க்னைடோஸ் விஷயத்தில் நாணயம் உதவியது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசர் கரகல்லா காலத்தில், அந்த ஊர் வெளியிட்ட நாணயத்தின் பின்பக்கம் தங்கள் தேவியைப் பொறித்திருந்தார்கள். விரல் நுனி அளவு படம்தான். ஆனால் நிற்கும் விதமும், சாடியும், கையில் தொங்கும் துணியும் தெளிவாக இருந்தன. அதை வைத்துத்தான் வத்திக்கான் சிலையை இன்னாள் என்று 19ஆம் நூற்றாண்டில் உறுதி செய்தார்கள்.

நாணயம் இல்லாத இடங்களில் துப்பறியும் வேலைதான். ஒரே அமைப்பில் இருக்கும் பல நகல்களைச் சேர்த்து வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது அசலின் சாயல், ஒன்றில் மட்டும் இருப்பது நகலெடுத்தவரின் சேர்க்கை என்று பிரிப்பார்கள். அப்படி ஒரே அமைப்பில் வரும் சிலைகளை ஒரு 'வகை' என்பார்கள். ஜெர்மன் அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த முறை இது. அதில் பெரிய கெட்டிக்காரர் அடோல்ஃப் ஃபுர்ட்வெங்லர். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இரண்டு அதீனா உடல்கள் இருந்தன. இத்தாலியின் பொலோன்யாவில் ஒரு பளிங்குத் தலை, தலைக்கவசம் இல்லாமல், குட்டையான சுருள்முடியும் அதன்மேல் ஒரு பட்டையுமாக, தனியாக இருந்தது. அந்தத் தலையின் சாந்துப் பிரதியை டிரெஸ்டன் உடலில் வைத்துப் பார்த்தார். கழுத்துக் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் சிற்பி ஃபிடியாஸ் வெண்கலத்தில் செய்து, லெம்னோஸ் தீவுக் குடியேறிகள் ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸில் காணிக்கையாக வைத்த லெம்னிய அதீனாவின் உருவம் இதுதான் என்று அறிவித்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்வந்த பவுசானியஸ், ஃபிடியாஸின் படைப்புகளில் பார்க்கவே வேண்டியது இது என்று எழுதியிருந்த சிலை. ஃபுர்ட்வெங்லர் சொன்னதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை, வாதம் இன்னும் நடக்கிறது. தலையும் உடலும் இன்னும் வேறு வேறு நாடுகளில்தான் இருக்கின்றன.

நகலை எவ்வளவு நம்பலாம்? ஒரு எல்லைவரைதான். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலுக்குள் ஃபிடியாஸ் செய்து கி.மு. 438இல் நிறுவிய அதீனா, தங்கமும் தந்தமுமாக ஏறத்தாழ 12 மீட்டர் உயரம் நின்றாள். கழற்றியெடுக்கும்படி பூட்டிய தங்கம் மட்டும் 40 தாலந்து என்று துசிடிடீஸ் சொல்கிறார். நம் கணக்கில் சுமார் 1,000 கிலோ. அவளுடைய முழுமையான நகல் ஒன்று 1880இல் ஏதென்ஸில், வார்வாகியோன் பள்ளிக்கு அருகே கிடைத்தது. பீடத்தோடு சேர்த்து ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். தலைக்கவசத்தில் இருக்கும் உருவங்கள், கேடயத்துக்குள் சுருண்ட பாம்பு, உள்ளங்கையில் நிற்கும் வெற்றித் தேவி எல்லாம் இருக்கின்றன. ஆனால் 12 மீட்டரை ஒரு மீட்டராகச் சுருக்கும்போது எவ்வளவு தங்கியிருக்கும்! வெற்றித் தேவியைத் தாங்கும் வலக்கைக்குக் கீழே ஒரு தூண் நிற்கிறது. அது ஃபிடியாஸ் வைத்ததா, அல்லது பளிங்குக் கை முறியக்கூடாது என்று நகலெடுத்தவர் வைத்ததா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள்.

நகல் எடுத்தவர்கள் வேண்டுமென்றே மாற்றியதும் உண்டு. வாசலின் இரண்டு பக்கமும் ஜோடியாக வைக்க வேண்டுமென்றால், ஒன்றைக் கண்ணாடி பிம்பம் போல இடவலம் மாற்றிச் செய்தார்கள். கோபன்ஹேகனில் ஒரு சிலை இருக்கிறது. உடல் வீனஸ் உடல், அழகிய இளம்பெண்ணுக்குரியது. தலையோ கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் வழக்கமாக இருந்த உயரமான சுருள் கொண்டையுடன், வயது ஏறிய ஒரு நிஜப் பெண்மணியின் தலை. நம் கண்ணுக்கு ஒட்டாதது போலத் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய மரியாதை: எங்கள் வீட்டு அம்மாள் வீனஸின் அருள் பெற்றவள். இதை நகல் என்று ஒதுக்கிவிட்டால் அந்த ரோமானியர்கள் சொல்ல வந்ததையே நாம் கேட்காமல் போய்விடுவோம். சென்ற சில பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் இந்தப் பக்கமும் பார்க்க ஆரம்பித்திருப்பது மிக நல்ல விஷயம்.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலிருந்து, மண்ணுக்குள்ளிருந்து உடைந்து வந்த சிலைகளுக்குப் புதிய மூக்கு, கை, சில நேரம் தலையே செய்து ஒட்டினார்கள். மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் ஒரு தேவி குழந்தையை இடக்கையில் ஏந்தி நிற்கிறாள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கலை அறிஞர் வின்கெல்மான் அவளை லியூகோதியா என்ற கடல்தேவி என்றும் குழந்தையை மதுவின் தெய்வமான டயோனிசஸ் என்றும் நினைத்தார். 1867இல் இன்னொரு ஜெர்மன் அறிஞர் ஹைன்ரிஹ் ப்ரூன்தான் சரியாகக் கண்டுபிடித்தார். அவள் எய்ரீனி, அமைதியின் தேவி. கையில் இருப்பது புளூட்டோஸ், செல்வம். கி.மு. 370களில் ஏதென்ஸின் சந்தைத் திடலில் கெஃபிசோடோட்டோஸ் என்ற சிற்பி வெண்கலத்தில் நிறுவிய சிலை. போரில் களைத்துப்போன ஓர் ஊர், அமைதியின் மடியில்தான் செல்வம் வளரும் என்று நடுத்தெருவில் நிறுத்தி வைத்தது. குழந்தையின் கையில் இப்போது இருக்கும் சாடி பிற்காலத்தில் ஒட்டியது. அதே காலத்து ஜாடி ஓவியங்களில் குழந்தையோடு இருப்பது வளம் நிறைந்த கொம்பு.

இந்தச் சிலையின் வெண்கலம் எப்போதோ உருகிப் போனது. ஆனால் பாயேயின் நிலவறைக் குவியலில் கிடைத்த சாந்துத் துண்டுகளில் ஒரு குழந்தையின் கையும் இருந்தது. அது இந்தப் புளூட்டோஸின் கை என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். அசல் வெண்கலத்தின் தோலைத் தொட்டு எடுத்த அச்சிலிருந்து வந்த, கொழுகொழுவென்ற ஒரு சின்னக் கை.